தந்தையர் உளத்துயரும் துணைபெறும் வாயில்களும்

தந்தையின் துயர் உயிரையும் மாய்க்கும் வன்மையுடையது என்பதை இதிகாசங்கள் நன்கறிந்திருந்தன. இராமனைப் பிரிந்த தயரதன் அப்பிரிவாற்றாமையினாலேயே இறந்தான். அசுவத்தாமன் மாண்டான் என்ற மொழியைக் கேட்ட துரோணர் போர்க்களத்தின் நடுவே படைக்கலத்தைத் துறந்தார். அபிமன்யுவை இழந்த அருச்சுனன் வாய்விட்டுப் புலம்பினான். ஒருவன் பேரரசன், ஒருவர் ஆசான், ஒருவன் ஒப்பற்ற வீரன். இம்மூவரும் உளவலிமை குன்றியோர் அல்லர். ஆகவே, பிள்ளைகளையும் குடும்பத்தையும் பற்றிய துயரால் ஓர் ஆண்மகன் நிலைகுலைதல் அவனது ஆண்மைக்கு இழுக்கு என்னும் கருத்து இதிகாசங்களுக்கு உடன்பாடன்று.

எனினும், அக்கருத்து இன்றும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வேரூன்றி நிற்கின்றது. தாய் அழுதால் அயலார் கூடுவர். தந்தை அழுதலை எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவனும் அதனைப் பிறர் காணாவாறு மறைத்துக்கொள்கின்றான். நல்லூரில் வாழும் ஒரு மேசனோ, கடைச் சிப்பந்தியோ, தோட்டக்காரனோ, எழுதுவினைஞனோ, உளத்துயர் மேலிட்டுச் செய்வதறியாது நிற்கும்போது, கையிற் பணமின்றி எங்கே செல்வான், யாரிடம் கூறுவான் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

கவலையும் நோயும்

முதற்கண், கவலை வேறு, நோய் வேறு என்பது தெளியப்படல் வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் ‘யோசனை’ என்னுஞ் சொல் சிந்தித்தலை மாத்திரமன்றி மனக்கவலையையுங் குறிக்கும். ‘அவருக்குக் கன யோசனை’ என்றால் அவர் துயரில் ஆழ்ந்துள்ளார் என்பதே பொருள். யோசனை எல்லார்க்கும் உண்டு. காரணம் நீங்கின் அதுவும் நீங்கும். ஆனால், மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் நாடோறும், நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரங்களுக்குக் குறையாது நீடித்து, அவற்றோடு உறக்கக்கேடு, பசிக்கேடு, களைப்பு, தன்னையே குற்றஞ்சாட்டுதல், ‘இருந்தென்ன பயன்’ என்ற எண்ணம் என்பனவுஞ் சேருமாயின், அதனை மருத்துவ நூலார் மனச்சோர்வு நோய் என்பர். அது சோம்பலுமன்று, கோழைத்தனமுமன்று, கிரகக் குற்றமுமன்று. சிகிச்சையால் தணியத்தக்க நோயேயாகும்.

ஆடவரிடத்து இந்நோய் பெரும்பாலும் வேற்றுருக் கொண்டு தோன்றும். அழுகைக்குப் பதிலாகச் சினம் வரும். ஒருவன் மனைவி மக்கள்மேற் காரணமின்றிச் சீறுவான். ஒருவன் பேச்சொடுங்கி முற்றத்தில் தனித்திருப்பான். ஒருவன் மாலையானதும் மதுக்கடையை நாடுவான். வேறு சிலர்க்கு நெஞ்சிடி, தலையிடி, பெருமூச்சு, கைகால் விறைப்பு முதலிய உடற்குறிகளே முற்பட்டு நிற்கும். குடிப்பவனைக் குடிகாரன் என்றும், சீறுபவனை முரடன் என்றும் உலகம் எளிதிற் பெயரிட்டுவிடுவதால், உள்ளிருக்கும் நோய் கண்டறியப்படாது போகின்றது.

இலங்கையில் 1995 ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். அக்காலத்து உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகள் 1995 முதற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையாற் பின்வந்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றிலொரு பங்களவிற்குக் குறைந்தது. எனினும், அங்ஙனம் இறப்போருள் நால்வரில் மூவருக்குக் குறையாதோர் ஆடவரே. இவ்வாடவருட் பலர் தந்தையர் என்பதனை எண்ணின், இது தனி மனிதர் துயர் மாத்திரமன்று, இல்லங்களின் துயர் என்பது புலனாகும்.

தந்தையர் தாங்கும் பாரங்கள்

யாழ்ப்பாணத்துத் தந்தையின் பாரம் பலவகைப்பட்டது. மகளுக்குச் சீதனமும் வீடும் தேடுதல், மகனை வெளிநாடு அனுப்பக் கடன்படுதல், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்பன பழைய பாரங்கள். போர் புதியனவற்றைச் சேர்த்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் நல்லூர் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக ஒரே இரவிற் புலம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று பத்து வயதுச் சிறுவனாய்த் தந்தையின் கையைப் பற்றி நடந்தவன் இன்று நாற்பதைக் கடந்த தந்தையாயிருக்கின்றான். அவ்விரவை அவன் எவர்க்கும் எடுத்துரைத்திருக்க மாட்டான். ஆனால், அது அவனோடு வாழ்கின்றது.

2009 இல் முடிவுற்ற போரிற் காணாமற்போனோரின் குடும்பங்களில் மற்றொரு வகைத் துயருண்டு. பிள்ளை இறந்தான் என்று அந்தியேட்டி செய்யவும் இயலாது, உள்ளான் என்று மகிழவும் இயலாது. 2017 முதல் வடக்கில் வீதியோரங்களில் தொடர்ந்து நிகழ்ந்த போராட்டங்களின் முகமாக அறியப்பட்டோர் தாய்மாரே. அவர்தம் துயருக்கு வீதியிலேனும் ஓரிடங் கிடைத்தது. வீட்டில் தங்கிய தந்தையின் துயருக்கு அதுவுங் கிடைத்திலது. இவற்றின்மேல் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது, நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கிய கூலி ஒரு வாரத்துக்கும் போதாததாயிற்று. ‘உழைத்துக் கொடுப்பவன்’ என்பதையே தன் மதிப்பின் அளவுகோலாகக் கொண்டவனுக்கு, உழைத்தும் போதாமை என்பது பசியினுங் கொடிது.

மகிழ்ச்சிக்குரிய காலத்திலும் இந்நோய் வருதலுண்டு. பிள்ளைப்பேற்றுக்குப்பின் தாயர்க்கு உண்டாகும் மனச்சோர்வை இன்று பலரும் அறிவர். தந்தையர்க்கும் அஃதுண்டு என்பதைச் சிலரே அறிவர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளிவந்த ஒரு கட்டுரை, மனைவி கருவுற்ற காலத்திலும் குழந்தையின் முதலாண்டிலும் தந்தையருட் பத்தில் ஒருவர்க்கு மனச்சோர்வு காணப்படுகின்றது என்றும், மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் அது மிகுகின்றது என்றுங் கூறிற்று. இங்கிலாந்தின் ஏவன் பகுதிக் குழந்தைகள் பற்றி 2005 இல் வெளியான ஆய்வு, பிறந்த எட்டாம் வாரத்தில் தந்தை மனச்சோர்வுற்றிருப்பின், மூன்றரை வயதிற் பிள்ளையின் நடத்தையில், சிறப்பாக ஆண் பிள்ளையின் நடத்தையில், குறைபாடுகள் மிகுகின்றன எனக் காட்டிற்று. தாயின் மனநிலையைக் கணக்கிற்கொண்டு நோக்கியபோதும் இத்தொடர்பு நிலைத்தது. எனவே, தந்தைக்குத் துணைசெய்தல் பிள்ளைக்குத் துணைசெய்தலுமாகும்.

பொருட்செலவு என்னுந் தடை

‘மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பதற்குப் பணம் வேண்டும்’ என்று கருதிப் பின்னிற்போர் பலர். இலங்கையைப் பொறுத்தவரை இது பிழையான கருத்து. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். உளமருத்துவரைக் காண்பதும், அவர் எழுதும் மருந்தும், தேவைப்படின் விடுதியில் தங்குதலும் அவ்விலவசத்துள் அடங்கும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, அங்கொடையை மையமாகக் கொண்டிருந்த சேவையை மாவட்டந்தோறும் பரப்புதலைக் குறிக்கோளாகக் கொண்டது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வடக்கில் உளமருத்துவர் ஓரிருவரே இருந்தனர் என்பதை நினைப்பின், இன்றைய நிலை எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும்.

ஆயினும், செலவே இல்லை என்றல் உண்மையாகாது. கிளினிக்குக்குச் செல்லும் நாளில் நாட்கூலி போகும். பஸ் காசு வேண்டும். காலை முழுவதும் வாங்கிற் காத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் காத்திருக்கையில் அறிந்தவர் எவரேனுங் கண்டுவிடுவரோ, மகளின் கலியாணப் பேச்சுக்கு அது தடையாகுமோ என்ற அச்சம் எல்லாச் செலவிலும் பெரிய செலவாய் நிற்கும். ஆகவே, பணமின்மையினும் மறைவின்மையே தந்தையரைத் தடுக்கும் பெருந்தடை எனலாம். இத்தடையை முற்றாக நீக்குதல் இயலாது. ஆனால், எந்த வாயில் எத்தன்மையது என்று அறிந்துகொண்டால், தனக்கேற்ற வாயிலை ஒருவன் தெரிந்துகொள்ளலாம்.

வாயில்கள் யாவை

மிக மறைவானதும் மிக அண்மையிலுள்ளதும் தொலைபேசி. தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற இலக்கத்தில் இரவுபகலாக நடத்தும் சேவையில் தமிழிலும் உரையாடலாம். 1333 என்ற இலக்கம் நெருக்கடிக்கால ஆலோசனைக்கென அமைந்தது. அதற்கு அழைப்புக் கட்டணமில்லை. இவற்றை அழைக்கப் பெயர் கூறவேண்டுவதில்லை. தென்னிலங்கையில் 1974 இற் தொடங்கப்பட்ட சுமித்ரயோ என்னும் அமைப்பும் இத்தகைய நட்புத்துணையைக் கட்டணமின்றி அளித்து வருவது. 1953 இல் இலண்டனில் சாட் வரா என்னும் பாதிரியார் தொடங்கிய சமாரிற்றன்ஸ் இயக்கமே இவ்வகை அமைப்புக்களுக்கு முன்னோடி. சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986 இல் நிறுவிய சினேகாவும் அவ்வழி வந்ததே. புத்தி சொல்லாது செவிசாய்த்தலே இவ்வமைப்புக்களின் முதற் கொள்கை.

இரண்டாம் வாயில் பிரதேச செயலகம். அங்கு உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். செயலகத்துக்கு மக்கள் காணி, பிறப்புச் சாட்சி, உதவிப்பணம் எனப் பல அலுவல்களுக்குஞ் செல்வதால், அங்கு ஒருவனைக் காண்போர் வேறொன்றும் ஐயுறார். கடன், குடும்பப் பிணக்கு, மது முதலியவற்றோடு பிணைந்த துயர்க்கு இவ்வாயில் ஏற்றது. யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிவரும் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிறுவனமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

மூன்றாம் வாயில் வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நல்லூரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர்த் தொலைவினது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு சற்றுச் சேய்மையில் உள்ளது. அயலவர் கண்ணுக்கு அஞ்சுவோர்க்கு அச்சேய்மையே ஒரு வசதியுமாகும். எவரது கடிதமுமின்றி வெளிநோயாளர் பிரிவுக்கு முதலிற் செல்லலாம். அங்கே தந்தையர் செய்யும் பிழையொன்றுண்டு. நெஞ்சிடி என்றும் நித்திரையில்லை என்றும் மாத்திரங் கூறி, அதற்குரிய குளிசையைப் பெற்று மீள்வர். ‘மனமுஞ் சரியில்லை, இவ்வளவு நாளாக இப்படி’ என்ற ஒரு வசனத்தைச் சேர்த்துக் கூறுவாராயின், வைத்தியர் அவரை உரிய கிளினிக்குக்கு அனுப்புதல் எளிதாகும்.

மருந்து குறித்தும் தவறான எண்ணங்கள் உள. மனச்சோர்வுக்கான மருந்து உடனே பயன்தருவதன்று. இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழிந்தே பயன் தெரியும். முதல் வாரத்தில் வாயுலர்வோ வயிற்றுக்குமட்டலோ கண்டு நிறுத்திவிடுவோர் பயனை அடையுமுன்னரே கைவிட்டோராவர். குணங்கண்டபின்னும் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தொடர்தல் வழக்கு. இம்மருந்துகள் மதுவைப்போல் அடிமைப்படுத்துவன அல்ல. எனினும் வைத்தியரைக் கேளாது சடுதியில் நிறுத்தலாகாது. நோய் கடுமையல்லாதவிடத்து மருந்தின்றி உரையாடற் சிகிச்சையே போதுமாதலும் உண்டு. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் ஆசிரியர்களுக்கும் கிராமத்து அலுவலர்களுக்கும் உளவளத்துணையிற் பயிற்சியளிக்க முயன்றதோடு, மூச்சுப்பயிற்சி, ஜெபம், சாந்தி ஆசனம் முதலிய மரபுவழி முறைகளையும் சிகிச்சையோடு இணைத்தார். நல்லூர்க் கந்தன் சந்நிதியில் அமைதி தேடுவோன் கிளினிக்கைத் துறக்கவேண்டுவதில்லை. கிளினிக்குக்குச் செல்வோன் சந்நிதியைத் துறக்கவேண்டுவதுமில்லை என்பதே இதன் கருத்து.

நெருக்கடி வேளையில்

‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பது போன்ற சொற்களையும், கடன்களைத் திடீரெனத் தீர்த்து, பொருள்களைப் பகிர்ந்து கொடுத்து, விடைபெறுவார் போல் நடத்தலையும் வீட்டார் பொருட்படுத்தாது விடலாகாது. அந்நிலையில், ‘சாகவேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா?’ என நேரே வினாவுதல் வேண்டும். அங்ஙனம் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைவர். அவரைத் தனித்திருக்க விடலாகாது. கிருமிநாசினி முதலிய நஞ்சுகளை வீட்டினின்றும் அகற்றுதல் வேண்டும். கொல்லும் எண்ணத்தின் உச்சவேகம் பலருக்குச் சில நாழிகையில் தணிவது. அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருத்தலே உயிர்காக்கும். நாடளாவிய தடையால் இறப்புக் குறைந்தமை இதற்குச் சான்று.

அடுத்து, போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அது இரவிலுந் திறந்திருப்பது. வாகனமில்லாதோர் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வடமாகாணத்திலும் அச்சேவை உண்டு. ‘பொலிசு வழக்கு வருமே’ என்றஞ்சி மறைப்போரும் உளர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எனவே, அவ்வச்சத்தாற் காலந்தாழ்த்தல் வேண்டா.

கேட்பார் யார்?

வாயில்கள் பல இருந்தும் தந்தையர் அவற்றை அடையாமைக்கு மற்றொரு காரணம், அவர்களை எவருங் கேளாமையே. தாயைக் கேட்கும் முறை நாட்டில் உண்டு. மக்கள் மருத்துவமாது என வழங்கும் குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளைபெற்ற வீட்டுக்குச் சென்று தாயின் மனநிலையையும் விசாரிக்கின்றார். 1987 இல் எடின்பரோவில் ஆக்கப்பட்ட பத்து வினாக்களைக் கொண்ட அளவுகோல் இதற்குப் பயன்படுவது. பிறநாட்டாய்வுகளில் அதே வினாக்கள் தந்தையர்க்கும் பயன்பட்டுள்ளன. அவ்வீட்டுத் திண்ணையிலிருக்கும் தந்தையிடமும் இரண்டு வினாக்களைக் கேட்பதற்குப் புதிய கட்டிடமோ புதிய சம்பளமோ வேண்டுவதில்லை.

கற்றுத்தேர்ந்த உளமருத்துவர் மாத்திரமே துணைசெய்ய இயலும் என்பதுமில்லை. சிம்பாப்வே நாட்டில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இற் தொடங்கிய ‘நட்பு வாங்கு’ என்னும் திட்டத்திற் பயிற்சிபெற்ற மூதாட்டியர் மரநிழல் வாங்குகளில் அமர்ந்து துயருற்றோர்க்குச் செவிசாய்த்தனர். 2016 இல் வெளியான ஆய்வு அதன் பயனை உறுதிசெய்தது. கோவாவில் மதுவால் நலிந்த ஆடவர்க்கு, மருத்துவரல்லாத பயிற்சிபெற்ற துணைவர் நான்கு அமர்வுகளுக்கு மேற்படாது உரையாடியமை நற்பயனளித்தது என 2017 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் ஊர்தோறும் உள்ள யாழ்ப்பாணத்தில் இத்தகைய வாங்கொன்றுக்கு இடந்தேடி அலையவேண்டுவதில்லை.

பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. தந்தையின் துயர் முதலில் வெளிப்படுவது பல வேளை பிள்ளையின் கொப்பியிலேயாகும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குதல், வகுப்பில் உறங்குதல், வீடுசெல்ல மனமின்றி நிற்றல் என்பவற்றைக் காணும் ஆசிரியர், பெற்றோரை அழைத்துக் குறைகூறுவதோடு அமையாது, ‘வீட்டில் எப்படி இருக்கிறியள்?’ என்று தந்தையைத் தனியே ஒருமுறை கேட்டல் தகும்.

குசேலர் கதை யாவரும் அறிந்தது. இருபத்தேழு பிள்ளைகளின் தந்தையாகிய அவர் வறுமையைத் தாங்கினாரேயன்றி எவரிடமும் வாய்திறந்திலர். மனைவி தூண்டியதனாலேயே துவாரகை சென்றார். சென்றும் கேட்கக் கூசி நின்றார். கேளாமலே அறிந்து கொடுக்கக் கண்ணன் இருந்தான். வைத்தியரும் உத்தியோகத்தரும் அங்ஙனம் கேளாது அறியவல்லர் அல்லர். அவர்களிடஞ் சொன்னாலன்றி வாயில் திறவாது. ஆகவே, குசேலரின் மனைவி செய்த செயலே இன்று மிக வேண்டப்படுவது. துயருற்ற தந்தையை அனுப்பிவைத்தலும், கூசுவானாயின் உடன்செல்லலும், மனைவிக்கும் மக்களுக்கும் தமையன் தம்பியர்க்கும் நண்பர்க்கும் உரிய கடனாகும். மருந்துக்கு விலையில்லை; உடன்செல்லும் ஒருவரது அரைநாளே அதன் விலை. அவ்விலையைக் கொடுக்க ஒருவரேனும் இருப்பின், பல இல்லங்களில் தந்தையர் நிலைப்பர்.